பதினாலாம் நம்பர் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது

எனக்குக் கொடுத்த முதல் மெமோவை எழுதினது ஒரு வகையில நான்தான். கையெழுத்து மட்டும் திட்ட அலுவலர் சுந்தரமூர்த்தி சாரோடது.

மெமோ இதுதான்: "வாசல்வரை பேருந்துத் திட்டத்தின் செஞ்சி கண்காணிப்பு அலகில், ஒப்பந்த அடிப்படையில் நிதி மற்றும் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரியும் செல்வி ஜெ. வெண்மதி, கடந்த வாரம் நான்கு நாட்கள் காலை 10.20 மணிக்கு மேல் அலுவலகம் வந்துள்ளார். அவர் வசிக்கும் பாறைக்கொல்லை கிராமத்துக்கு 14ஆம் எண் பேருந்து தினமும் காலை 8.05 மணிக்குத் தவறாமல் வந்து செல்வதாக, அவரே தயாரித்துக் கையொப்பமிட்ட வாராந்திர அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கூறப்பட்டுள்ளது. அவ்வாறிருக்க, தாமதத்துக்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் அளிக்க வேண்டும்."

அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மூணாம் பக்கத்துல நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். பக்கத்துல ஒரு பச்சை வட்டம் வேற போட்டிருக்கேன்.

மெமோவை நீட்டின கண்காணிப்பாளர் கமலாம்பாள் மேடம் தங்கமான மனுஷி. யாருக்கு மெமோ கொடுத்தாலும் கூடவே ஒரு டீ வாங்கிக் கொடுப்பாங்க. "மூணு மெமோ ஆச்சுன்னா மார்ச் முப்பத்தொண்ணுல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்கம்மா. பார்த்து நடந்துக்கோ"ன்னாங்க. எங்க வீட்டுல மாசாமாசம் சம்பளம்னு வர்றது என்னோடது மட்டும்தான். நைனாவுக்கு இடுப்பு போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

எங்க ஊருக்குக் கடைசியா பஸ் வந்து மூணு மாசம் ஆச்சு, நான் நடந்துதான் ஆபீஸ் வர்றேன். பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்குக் கியர் பாக்ஸ் போயிடுச்சு. எங்க ஆபீஸ் பின்கட்டுல வேப்பமரத்தடியில நிக்குது. மத்தியானம் நாங்க எல்லாரும் அதுக்குள்ள உட்கார்ந்துதான் சாப்பிடுறோம். நான் டிரைவருக்குப் பின்சீட்டு. டிரைவரைச் சுந்தரமூர்த்தி சார் தன் ஜீப்புக்கு எடுத்துக்கிட்டதால அங்க நல்லாக் காத்து வரும். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து, அதே பஸ் மதியம் ஒண்ணே காலுக்குப் பாறைக்கொல்லையில நாப்பத்திரண்டு பேரை ஏத்திக்கிட்டதுன்னு அறிக்கையில போடுவேன்.

வெக்கமா இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. முதல் மாசமே சார்கிட்டப் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாரு. பஸ் நிலைமைன்னு ஒரு கட்டம். அதைத் தொட்டா மூணே மூணு வரும்: சரியான நேரம், முன்கூட்டியே வந்தது, ஐந்து நிமிடத் தாமதம். "ஓடலைன்றது இதுல எங்கம்மா இருக்குது? நீயே சொல்லு"ன்னாரு. நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

ரிப்பேருக்குக் கோப்பு போகாம இல்ல. போச்சு. 'பேருந்து சரியான நேரத்தில் இயங்கிவருவது தரவில் தெளிவாகத் தெரிவதால், பழுதுநீக்கம் தேவைப்படவில்லை'ன்னு சென்னையிலிருந்து திரும்பி வந்துச்சு. இணைப்பா என்னோட அறிக்கையையே குத்தி அனுப்பியிருந்தாங்க.

இத்தனை நாளும் சென்னையில யாரோ கையாலதான் நேரத்தைப் போடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மெமோ வந்த கோவத்துல, பஸ்ஸோட ஜி.பி.எஸ். பெட்டி அனுப்புற மூலத் தரவை முழுசா இறக்கி, வரைபடத்துல ஓட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! பஸ் நிஜமாவே ஓடுது.

காலையில ஏழரைக்குச் செஞ்சியில கிளம்புது. சிங்கவரம் தாண்டினதும் ஒரு டீக்கடையில பன்னண்டு நிமிஷம் நிக்குது. பாறைக்கொல்லை மாரியம்மன் கோயில் பின்னாடி, நாலடி சந்துல புகுந்து வெளிய வருது. ஒருநாள் நிலக்கடலை போட்டிருக்குற மல்லாட்டைக் கொல்லை வரப்பு மேலயே அரைக் கிலோமீட்டர் போயிருக்குது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மேல்சித்தாமூர்ல ஒரு வீட்டு வாசல்ல மூணு மணி நேரம். இன்னொரு நாள் சினிமாக் கொட்டாயில ரெண்டே முக்கால் மணி நேரம், இடைவேளைக்கு மட்டும் பத்தடி நகர்ந்திருக்குது. இதுக்கு எவ்வளவு நேரம் சிரிக்கிறது, எவ்வளவு நேரம் அழுவுறதுன்னு எனக்குத் தெரியலை.

மறுநாள் காலையில நடக்கக் கிளம்பாம, எங்க ஊர் பஸ் ஸ்டாப் கல்லு மேல உட்கார்ந்துட்டேன். சரியா எட்டு அஞ்சுக்குப் பஸ் வந்துச்சு. கண்டக்டர் பாவாடை அண்ணன் மொபெட்டுல, காக்கிச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்து நின்னாரு. முன்னாடி தொங்குற ஒயர் கூடையில, பழைய துண்டைச் சுத்தி, ஜி.பி.எஸ். பெட்டி. அம்பத்தஞ்சு வயசு மனுஷன். பஸ்லேர்ந்து பெட்டியைக் கழட்டி மூணு மாசமா இவருதான் சுமந்துக்கிட்டு ஓடுறாரு.

"இன்னா அண்ணே இது?"

"இன்னான்னா? பதினாலாம் நம்பரு." வாட்சைப் பார்த்தாரு. "நாப்பது செகண்டு நிக்கணும், இல்லாட்டி ஸ்டாப்புல நின்ன கணக்கு ஏறாது. சீக்கிரம் சொல்லு."

"யாரு அண்ணே இப்படிச் செய்யச் சொன்னது?"

"சாருதான். 'சேவை தடைபடலாம் பாவாடை, தரவு தடைபடக் கூடாது'ன்னாரு. ஏம்மா, வர்றியா? ஏறு."

பின்னாடி ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் கிளப்பலை. பையிலிருந்து டிக்கெட் மிஷினை எடுத்தாரு.

"அண்ணே, மொபெட்டுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"பஸ்ஸுல ஏறினா டிக்கெட் வாங்கணும். முப்பது வருஷ சர்வீஸு எனக்கு, ஓசியில ஒருத்தரை ஏத்தினது கிடையாது. உனக்கு மகளிர் இலவசம். இந்தா, பிடி." சீட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு விசிலை ஊதினாரு. "ரைட், ரைட்!"

ஒன்பதுக்கெல்லாம் ஆபீசுல இருந்தேன். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிச்சு, இனி பதினாலாம் நம்பர் பஸ்ஸிலேயே வருவேன்னு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கமலாம்பாள் மேடம் அதுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாங்க.

பத்து நாள் நிம்மதியா போச்சு. ஊர்ல மத்தவங்க கேட்டுப் பார்த்தாங்க. "சீட்டு ஃபுல்லு, அடுத்த வண்டியில வாங்க"ன்னு பாவாடை அண்ணன் முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டுச் சொல்லுவாரு. கொத்து வேலைக்குப் போற பொம்பளைங்க அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டிட்டு நடப்பாங்க. அவங்க முகத்தைப் பார்க்காம நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பதினோராம் நாள் ரெண்டாவது மெமோ வந்துச்சு. "14ஆம் எண் பேருந்தின் சராசரிப் பயணிகள் எண்ணிக்கை 42-லிருந்து திடீரென 1 ஆகக் குறைந்து, கட்டம் சிவப்பாகியுள்ளது. பகுப்பாய்வாளர் இதை முன்கூட்டியே கணித்துத் தடுக்கத் தவறியதேன்?"

பாவாடை அண்ணன்கிட்ட ஓடினேன்.

"அது வந்தும்மா," அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு, "இத்தினி நாளா ஆளே இல்லாம மிஷின்ல நாப்பத்திரண்டு அமுக்கிக்கிட்டிருந்தேன். மனசு உறுத்தும். இப்பதான் நெசமாவே ஒரு பாசெஞ்சர் கிடைச்சிருக்குது. நெசமா ஒருத்தரு வரும்போது பொய்யி எதுக்குன்னு, ஒண்ணு போட்டேன்."

அவர்மேல கோவப்பட என்னால முடியலை. ஆனா திரும்ப நாப்பத்திரண்டே போடச் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் கட்டம் பச்சையாச்சு. என் கணக்குல மெமோ ரெண்டாச்சு.

இனி தாங்காதுன்னு எனக்குத் தோணிடுச்சு. எப்படியாவது உண்மை மேல போகணும், ஆனா என் வாயால போகக் கூடாது. அந்த மாசக் கடைசியில சென்னையிலிருந்து இணை இயக்குநர் பாண்டுரங்கன் சார் ஆய்வுக் கூட்டத்துக்கு வர்றதா இருந்துச்சு. அதுக்குத் திரையில காட்ட நான் ஒரு படம் தயார் பண்ணினேன். பாவாடை அண்ணன் தினம் போடுற எரிபொருளையும் ஓடுற தூரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே வரி: '14ஆம் எண் பேருந்து. ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர். எரிபொருள் 0.9 லிட்டர். வகை: பெட்ரோல்.' அம்பது சீட்டு டீசல் பஸ் லிட்டருக்கு நாப்பத்தொன்பது கிலோமீட்டர், அதுவும் பெட்ரோல்ல ஓடுதுன்னா, நாலாங்கிளாஸ் புள்ளகூட ஏதோ தப்பு இருக்குதுன்னு சொல்லிடும். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

கூட்டம் பதினோரு மணிக்குன்னாங்க. பொன்னாடை போர்த்துறதுல பன்னண்டாச்சு. சுந்தரமூர்த்தி சார் இணை இயக்குநருக்குப் போர்த்தினாரு, இணை இயக்குநர் அவருக்குப் போர்த்தினாரு, மிச்சம் இருந்த ஒண்ணை யாருக்குன்னு தெரியாம கம்ப்யூட்டர் மேல போட்டாங்க. அப்புறம் சுந்தரமூர்த்தி சார் பேசினாரு.

"என் இருபத்தைந்து ஆண்டுப் பணியில் ஒரு சிவப்புக் கட்டத்தைக்கூட நான் முழுமையாகப் பார்த்தது கிடையாது. சிவப்பு வந்தால் உடனே திரையை அணைத்துவிடுவேன். அது பச்சையாகும்வரை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் பிடிவாதம்தான் இன்று இந்த அலகை மாவட்டத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது."

கைதட்டல் அடங்கினதும் இணை இயக்குநர் எழுந்தாரு. நல்ல குரல். "முன்பெல்லாம் மக்கள் குறை சொல்வார்கள். நாம் வெயிலில் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அது இருண்ட காலம். இன்று மக்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவர்களுடைய திருப்தியை நாம் தெரிந்துகொள்கிறோம். தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு சதவீதம். மீதி ஒன்று புள்ளி மூன்று சதவீதம் பேர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்திருக்கிறேன்."

என் முறை வந்துச்சு. படத்தைப் போட்டேன். இணை இயக்குநர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. அப்பாடா, கண்டுபிடிச்சுட்டாருன்னு நினைச்சேன்.

"பெட்ரோலா?"ன்னாரு.

"ஆமாங்க சார்."

"மாற்று எரிபொருள்!" எழுந்து நின்னு கைதட்ட ஆரம்பிச்சாரு. எல்லாரும் எழுந்து தட்டினாங்க. சுந்தரமூர்த்தி சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! "சார், பஸ் ஓடலை சார்!"னு கத்திட்டேன். "பதினாலாம் நம்பர் பஸ் இந்த ஜன்னலுக்கு வெளிய நிக்குது. மூணு மாசமா நிக்குது. பாருங்க."

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தாங்க. வேப்பமரத்தடியில பஸ் நிக்குது. படிக்கட்டுல யாரோ டிபன் பாக்ஸைக் காய வச்சிருக்காங்க. அதுக்குப் பின்னாடி ராஜகிரிக் கோட்டை. இணை இயக்குநர் பஸ்ஸைப் பார்த்தாரு, கையிலிருந்த டேபிளெட்டைப் பார்த்தாரு, மறுபடி பஸ்ஸைப் பார்த்தாரு.

"இதில் சிங்கவரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறதே அம்மா."

"அது பெட்டி சார். பஸ் இதோ இருக்குது. கண்ணால பார்க்கிறீங்களே சார்."

அவர் கோவப்படலை. சிரிச்சாரு. "நீங்கள் என்ன படித்தீர்கள்?"

"எம்.எஸ்ஸி. புள்ளியியல் சார்."

"அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். பெட்டி பத்து வினாடிக்கு ஒரு முறை தகவல் அனுப்புகிறது. மூன்று மாதத்தில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒரே ஒரு பதிவு. ஒரு பதிவை நம்பி ஏழரை லட்சத்தை ஒதுக்கச் சொல்கிறீர்களா?"

பாடத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாங்க.

கத்தினதுக்கு மெமோ வரும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். வந்தது பாராட்டுக் கடிதம். கூடவே ஒரு ஆணை: செஞ்சி முன்மாதிரியைப் பின்பற்றி, வட்டாரத்தின் ஒன்பது பேருந்துகளுக்கும் இனி நாளொன்றுக்கு 0.9 லிட்டர் எரிபொருள் மட்டுமே வழங்கப்படும். இதற்குக் காரணமான பகுப்பாய்வாளருக்கு ஒப்பந்தப் புதுப்பிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த எட்டு பஸ்ஸும் நாலே நாள்ல ஆபீஸ் பின்கட்டுக்கு வந்து சேர்ந்துச்சு. சாப்பிட இடம் தாராளமாச்சு, ஆளுக்கு ஒரு பஸ். கோட்டை பார்க்க வந்த டூரிஸ்ட்காரங்க இதுதான் பஸ் ஸ்டாண்டுன்னு உள்ள வந்து திருவண்ணாமலை பஸ் எதுன்னு கேட்டாங்க. எட்டு ஊர் ஜனங்க ரோட்டுல நடந்தாங்க. அதுல எனக்கு ராத்தூக்கம் போச்சு. அந்த ஒரு வரியை எழுதினது நான்தானே. டாஷ்போர்டுல ஒன்பது கட்டமும் பச்சை.

பெட்டியைக் கூடையில எப்படிக் கட்டணும், ஸ்டாப்புல எப்படி நிக்கணும்னு மத்த கண்டக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பாவாடை அண்ணனைப் பயிற்சியாளரா விழுப்புரத்துக்கு அனுப்பிட்டாங்க. அவருக்கும் போக மனசில்லை. "டிக்கெட்டை மட்டும் ஒழுங்கா கிழிம்மா"ன்னு மிஷினை என் கையில கொடுத்துட்டுப் போனாரு. ஏன்னா அடுத்த ஆணை எனக்குத்தான். 'பகுப்பாய்வாளர் எப்படியும் தினமும் பாறைக்கொல்லையிலிருந்து அலுவலகம் வருவதால், 14ஆம் எண் பேருந்தின் பெட்டியை அவரே கொண்டுவரலாம். இது செலவில்லா இயக்கமாகக் கருதப்படும்.' சிங்கவரம் போனா ஷேர் ஆட்டோ உண்டு, எரிபொருள் மிச்சம்னு விளக்கம் வேற.

ஆகக்கூடி நான் பஸ்ஸாயிட்டேன்.

சாயந்திரம் பெட்டியைத் தோள்பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வருவேன், காலையில எட்டு அஞ்சுக்கு ஊர் ஸ்டாப்புலேர்ந்து கிளம்பிக் கொண்டுபோவேன். எங்க ஊர்லேர்ந்து ஆபீஸ் வரைக்கும் ஆறு ஸ்டாப். ஒவ்வொண்ணுலயும் நாப்பது செகண்டு நிப்பேன். யாராவது பார்த்தா செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்குவேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கட்டம் மஞ்சளாகும்னு மூச்சிரைக்க ஓடுவேன்.

மார்ச் முப்பதாம் தேதி. பஸ் ஸ்டாப் கல்லு பக்கத்துல நின்னு செகண்டு எண்ணிக்கிட்டிருக்கேன். பக்கத்துத் தெரு மீனம்பாள் அக்கா இடுப்புல புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாங்க. மூணு வயசுப் பொண்ணு. தலை தோள்ல துவண்டு கிடக்குது.

"வெண்மதி, பஸ் போயிடுச்சா? ராவெல்லாம் ஜுரம்டி. ஆட்டோவுக்குப் போன் போட்டா எவனும் இந்த ரோட்டுக்கு வரமாட்டேன்றான். மறுபடி பஸ்ஸு விட்டுட்டாங்கன்னு செயலியில பார்த்துட்டு ஓடியாறேன், வந்துடுச்சுன்னு காட்டுது." போனை என் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. பாறைக்கொல்லை நிறுத்தத்துல ஒரு பச்சை பஸ் படம் நிக்குது. 'உங்கள் பேருந்து வந்துவிட்டது. இனிய பயணம்!' "எங்கடி பஸ்ஸு? இங்கதான் நிக்குதுன்னு போட்டிருக்குது. எங்க?"

அந்த நிமிஷம் எனக்கு வந்த அவமானத்தை இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. பையைத் திறந்து பெட்டியைக் காட்டினேன். "இதான்கா பஸ்ஸு. நான்தான்."

அக்கா பெட்டியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "அப்போ இத்தினி நாளா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"புள்ளையைக் கொடுக்கா."

வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டேன். உடம்பு கொதிக்குது. சிங்கவரம் வரைக்கும் மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு நடந்தோம். நடுவுல இருக்குற ஸ்டாப் எதுலயும் நான் நிக்கலை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி போய், டாக்டர் பார்த்து, ஊசி போட்டு, புள்ள கண்ணைத் திறந்து "தண்ணி"ன்னு கேக்குற வரைக்கும் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஆபீசு. மணி பன்னண்டு பத்து.

கமலாம்பாள் மேடம் மேசையில ரெண்டு பேப்பர் இருந்துச்சு. ஒண்ணு என் ஒப்பந்தப் புதுப்பிப்பு, கையெழுத்தாகி வந்திருந்துச்சு. இன்னொண்ணு மூணாவது மெமோ. '14ஆம் எண் பேருந்து இன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். நான்கு நிறுத்தங்களில் நிற்கவில்லை. அனுமதியின்றி மருத்துவமனை வாயிலில் நின்றுள்ளது. பயணிகள் பதிவு இல்லை.'

"இது ரெண்டுல ஒண்ணுதாம்மா செல்லும்," மேடம் குரலைத் தாழ்த்தினாங்க. "ஒரே வரி எழுதிக் கொடு. பெட்டியில கோளாறு, பஸ் சரியான நேரத்துக்கு வந்துச்சு, நாப்பத்திரண்டு பேர்னு. மெமோவை இப்பவே கிழிச்சுடறேன். டீ சொல்லட்டுமா?"

நைனா ஞாபகம் வந்துச்சு. மாத்திரைச் சீட்டு ஞாபகம் வந்துச்சு. புள்ளையோட சூடு இன்னும் இடுப்புல இருந்துச்சு. டிக்கெட் மிஷினை எடுத்து ரெண்டு சீட்டு கிழிச்சேன். அப்புறம் எழுதினேன்.

'14ஆம் எண் பேருந்து இன்று தாமதமாக வந்தது உண்மை. பாறைக்கொல்லையில் பயணிகள் இருவர் ஏறினர். ஒருவர் நடந்து வந்தார். மற்றவருக்கு வயது மூன்று, காய்ச்சல் நூற்றிரண்டு. அவர் பேருந்தின் இடுப்பில் உட்கார்ந்து வந்தார். அவருக்கு ஊசி போட்டு முடியும்வரை பேருந்து வெளியே காத்திருந்தது. பேருந்துக்குக் கால் வலிக்கிறது. கியர் பாக்ஸ் கோப்பை அனுமதிக்குமாறு பேருந்து கேட்டுக்கொள்கிறது. இரண்டு பயணச்சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன.'

மேடம் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. புதுப்பிப்பு ஆணையை எடுத்து இழுப்பறையில போட்டுப் பூட்டினாங்க. "பொழைக்கத் தெரியலையேம்மா உனக்கு"ன்னாங்க. அன்னைக்கும் டீ வந்துச்சு, நான்தான் குடிக்கலை. பெட்டியையும் மிஷினையும் மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் ஒண்ணாம் தேதி எனக்குப் போறதுக்கு ஆபீசு இல்லை. காலையில மீனம்பாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புள்ள இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. எட்டு அஞ்சுக்கு அக்கா போன் சத்தம் போட்டுச்சு. எடுத்துப் பார்த்தோம். உங்கள் பேருந்து வந்துவிட்டது, பயணிகள் நாப்பத்திரண்டு, இனிய பயணம்.

யாரு தூக்கிக்கிட்டு வந்திருக்காங்கன்னு பார்க்க ரெண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம். பஸ் ஸ்டாப் கல்லு வரைக்கும் போய்ப் பார்த்தோம். ரோட்டுல ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை.